அழ. வள்ளியப்பா

அழ. வள்ளியப்பா (நவம்பர் 7, 1922 – மார்ச் 16, 1989) தமிழில் குழந்தைகளுக்காகப் பாடல்களும் கதைகளும் எழுதிய எழுத்தாளர் ஆவார். குழந்தைக் கவிஞர் என்னும் அடைமொழியால் பெரிதும் அறியப்படுகிறார். 2,000-க்கும் மேற்பட்ட குழந்தைப் பாடல்களை இயற்றியுள்ளார். வங்கிப் பணியில் இருந்துகொண்டே சிறுவர் இதழ்களின் ஆசிரியராகவும், குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கியவர்களுள் ஒருவராகவும் விளங்கினார். குழந்தை இலக்கியம் பெரியோர் இலக்கியத்துக்கு இணையான மதிப்புடைய ஒரு துறை என்பதை வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தி வந்தார்.

பிறப்பும் கல்வியும்

வள்ளியப்பா அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில், திருமயத்தை அடுத்த இராயவரம் என்னும் ஊரில் நகரத்தார் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை அழகப்ப செட்டியார், தாய் உமையாள் ஆச்சி. பெயருக்கு முன்னுள்ள 'அழ.' என்பது தந்தையின் பெயரைக் குறிப்பது. குழந்தைகளைச் சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் முன்னெழுத்து 'அழ' என்று அமைந்தது தற்செயலே.

இராயவரத்தில் தொடக்கக் கல்வியும், அருகிலுள்ள கடியாபட்டியில் பூமீசுவரசுவாமி உயர்நிலைப் பள்ளியில் உயர்நிலைக் கல்வியும் பயின்றார். பள்ளி நாட்களிலேயே பாட்டுக் கட்டும் பழக்கம் இவரிடம் இருந்தது. செட்டிநாட்டுப் பகுதி தாலாட்டுப் பாடல்களுக்குப் பெயர் பெற்றது. நகரத்தார் வீடுகளில் பெண்கள் பாடிவந்த தாலாட்டுகள் பிற்காலத்தில் தனித் தொகுப்புகளாகவே அச்சேறின. வாய்மொழிப் பாடல்களின் ஓசை செழித்திருந்த அத்தகைய சூழலில்தான் இவர் வளர்ந்தார்.

சக்தி அலுவலகமும் வங்கிப் பணியும்

பள்ளிப் படிப்புக்குப் பின் 1940-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த வள்ளியப்பா, வை. கோவிந்தன் நடத்திவந்த சக்தி அலுவலகத்தில் பணியில் சேர்ந்தார். கோவிந்தனும் இராயவரத்துக்காரரே. இவருக்கு அங்கு தரப்பட்டது எழுத்துப் பணி அன்று. பணக் கணக்கைப் பார்க்கும் வேலை. ஆனால் சக்தி இதழின் ஆசிரியராக இருந்த தி. ஜ. ர. இவரிடம் எழுத்தார்வம் இருப்பதைக் கண்டு கதை எழுதத் தூண்டினார். அவ்வாறு எழுதப்பட்ட 'ஆளுக்குப் பாதி' என்னும் கதை சக்தியில் வெளியாயிற்று. இதுவே இவரது முதல் கதையாகும்.

1941-ஆம் ஆண்டில் இந்தியன் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தார். 1982-இல் ஓய்வு பெறும் வரை அவ்வங்கியிலேயே பணியாற்றினார். எழுத்தை மட்டும் நம்பி வாழ இயலாத காலம் அது. குழந்தைகளுக்கு எழுதுவோரின் நிலை அதனினும் கடினமானது. வங்கி ஊதியம் இருந்ததால்தான் விற்பனையைப் பற்றிய கவலையின்றி, பல இதழ்களுக்கு ஊதியம் பெறாத கௌரவ ஆசிரியராக இவரால் இருக்க முடிந்தது எனலாம்.

இவரது முதல் பாடல் தொகுதியான 'மலரும் உள்ளம்' 1944-இல் 23 பாடல்களுடன் சிறு நூலாக வெளிவந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1954-இல், அதே பெயரில் 135 பாடல்கள் கொண்ட பெருந்தொகுதி வெளிவந்தது. இதன் இரண்டாம் தொகுதி 1961-இல் வெளியாயிற்று.

தமிழில் குழந்தைப் பாடல்களின் தோற்றம்

வள்ளியப்பாவின் இடத்தை அறிய, அவருக்கு முன் தமிழில் குழந்தைப் பாடல்கள் எந்நிலையில் இருந்தன என்பதை அறிவது அவசியம்.

தமிழில் மிகப் பழைய குழந்தைப் பாடல்கள் வாய்மொழியாக வந்தவை. தொட்டிலில் இடும்போது தாலாட்டு, உட்காரப் பழகும்போது சாய்ந்தாடச் சொல்லும் பாட்டு, கைகொட்டப் பழக்கும் பாட்டு, கைவீசச் சொல்லும் பாட்டு, சோறூட்டும்போது நிலாவை அழைக்கும் பாட்டு என ஒவ்வொன்றும் குழந்தையின் வளர்ச்சிப் படி ஒன்றோடு இணைந்தது. இவற்றை முதலில் பாடியவர் யார் என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் இவற்றின் பழமைக்கு இலக்கியத்தில் தெளிவான சான்றுகள் உண்டு. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாகக் கண்டு பாடிய பாசுரங்களில் தாலாட்டும், சப்பாணி கொட்டுதலும், அம்புலியை அழைத்தலும் இடம்பெறுகின்றன. பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் தனிச் சிற்றிலக்கியமாக உருப்பெற்றபோது செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி முதலியன அதன் பருவங்களாக வகுக்கப்பட்டன. வீட்டு முற்றத்தில் தாய்மார் பாடியதே புலவர்களின் ஏட்டில் இலக்கணமாயிற்று என்று கொள்ள இடமுண்டு.

எனினும் பிள்ளைத்தமிழ் குழந்தைகள் பாடுவதற்கு உரியதன்று. இறைவனையோ அரசனையோ குழந்தையாகப் பாவித்துப் பெரியோர் பாடியது அது. தாலாட்டும் குழந்தையின் காதுக்கு உரியதே தவிர அதன் வாய்க்கு உரியதன்று. குழந்தை தானே சொல்வதற்கென அமைந்தவை ஔவையாரின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் போன்றவை. அகரவரிசையில் அமைந்த இவை எழுத்தையும் அறத்தையும் ஒருங்கே கற்பித்தன. திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் இவற்றை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தனர். நினைவில் நிற்கும் வகையில் இவை சிறப்பாக அமைந்திருப்பினும், பொருள் விளங்குவதற்கு வயது வர வேண்டியிருந்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1915-இல் வெளிவந்த சுப்பிரமணிய பாரதியாரின் பாப்பா பாட்டு குழந்தையை நேரே விளித்துப் பேசியது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) பசு, கன்று, கிளி, காக்கை போன்ற குழந்தைகள் அன்றாடம் காணும் உயிர்களைப் பற்றி எளிய பாடல்கள் இயற்றினார். கா. நமச்சிவாயர், மயிலை சிவமுத்து முதலியோரும் குழந்தைகளுக்காக எழுதினர். ஆனால் இவர்களுள் பலருக்கும் குழந்தைப் பாடல் பல பணிகளுள் ஒன்றாகவே இருந்தது. அதையே முழு வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்டவர் என்ற வகையில் வள்ளியப்பா தனித்து நிற்கிறார்.

ஆங்கிலக் குழந்தைப் பாடல்களின் வரலாறும் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. தமிழ்நாட்டின் ஆங்கிலவழி மழலையர் பள்ளிகளில் பாடப்படும் பாடல்களுட் பல, முதலில் குழந்தைகளுக்காக இயற்றப்பட்டவை அல்ல. தெருப்பாடல்கள், நாடகப் பாடல்கள், குடிப்பாடல்கள், விற்பனைக் கூவல்கள் ஆகியவற்றின் எச்சங்களே காலப்போக்கில் குழந்தைகளிடம் வந்து சேர்ந்தன என்று, இப்பாடல்களைத் தொகுத்து 1951-இல் ஆக்சுபோர்டு அகராதியாக வெளியிட்ட ஐயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி இணையர் காட்டியுள்ளனர். இலண்டனில் 1744-இல் அச்சான சிறு பாட்டுப் புத்தகமே இவற்றின் பழைய தொகுப்புகளுள் இன்று எஞ்சியிருப்பது. விண்மீனைப் பற்றிய புகழ்பெற்ற பாடல் போன்ற சிலவற்றுக்கே ஆசிரியர் பெயர் தெரியும். அதை எழுதியவர் சேன் டெய்லர், ஆண்டு 1806. பாடலை அறிந்த கோடிக்கணக்கானோரில் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

பாடல்களின் அமைப்பும் கற்றலும்

வள்ளியப்பாவின் பாடல்கள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று சீர்கள் கொண்ட சிற்றடிகளால் ஆனவை. ஒரே மூச்சில் ஓர் அடியைச் சொல்லி முடிக்கக் குழந்தையால் இயலும். சொற்கள் புணர்ச்சியால் உருத்திரியாமல், வீட்டில் பேசும்போது எப்படி ஒலிக்குமோ அப்படியே பெரும்பாலும் நிற்கும். மரபான தமிழ்ச் செய்யுளில் எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்தில் வருவன. இவர் அவற்றோடு அடியின் இறுதியில் வரும் இயைபையும் மிகுதியாகப் பயன்படுத்தினார். அடியின் முடிவில் ஒரே ஓசை திரும்பத் திரும்ப வரும்போது, அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று குழந்தை முன்கூட்டியே ஊகிக்கிறது. ஊகம் பலித்தால் மகிழ்கிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, தட்டு நிறைய இருக்கும் லட்டுகளைப் பற்றிய பாடல். எட்டு லட்டுகளுள் பாதியை அண்ணனும் மீதியைத் தங்கையும் தின்று முடிக்க, வெறும் தட்டு எஞ்சுகிறது. கதை இவ்வளவே. அடிகள் யாவும் 'ட்டு' என்னும் ஓசையில் முடிகின்றன. பிள்ளைகளின் பெயர்களும் அந்த ஓசைக்கு ஏற்பவே வைக்கப்பட்டுள்ளன. இதைப் பாடும் குழந்தை எட்டில் பாதி நான்கு என்பதையும், நான்கும் நான்கும் எட்டு என்பதையும், எட்டில் எட்டு போனால் ஒன்றும் இல்லை என்பதையும் கணக்குப் பாடம் என்ற எண்ணமே இன்றி அறிந்துகொள்கிறது. வல்லின ஒற்று இரட்டித்து வரும் உச்சரிப்பும் நாவுக்குப் பழகிவிடுகிறது. பங்கிட்டு உண்ண வேண்டும் என்று எங்கும் அறிவுறுத்தப்படவில்லை. பிள்ளைகள் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதோடு பாடல் நின்றுவிடுகிறது.

இத்தகைய பாடல்கள் கற்றலுக்கு எவ்வாறு உதவுகின்றன என்பது பிற்காலத்தில் ஆய்வுக்கு உட்பட்டது. இங்கிலாந்தில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையண்ட் ஆகியோர் 1983-இல் வெளியிட்ட ஆய்வு, ஓசை ஒத்த சொற்களை இனங்காணும் திறன் பெற்ற சிறு குழந்தைகள் பின்னர் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னேறுவதைக் காட்டியது. 1987-இல் அவர்கள் மொராக் மெக்லீனுடன் சேர்ந்து வெளியிட்ட மற்றோர் ஆய்வு, மூன்று வயதில் குழந்தைப் பாடல்களை நன்கு அறிந்திருப்பதற்கும் சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்தறியும் திறனுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டது. பேச்சு தொடர்ந்து ஓடும் ஒலியாகவே குழந்தையின் காதில் விழுகிறது. ஒரே ஓசையில் முடியும் சொற்களை அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான், சொல் என்பது சிறு ஒலிகளாகப் பிரியக்கூடியது என்பது அதற்குப் புலப்படுகிறது. எழுத்தைக் கற்பதற்கு இதுவே முதற்படி.

தமிழில் இதற்குக் கூடுதல் தேவை உண்டு. ல, ள, ழ ஆகிய மூன்றையும், ர, ற ஆகிய இரண்டையும், ண, ந, ன ஆகியவற்றையும் காதால் பிரித்தறியாத குழந்தை எழுதும்போது தடுமாறும். கவிஞரின் பெயரையே எடுத்துக்கொண்டால் முன்னெழுத்தில் ழகரமும் பெயரில் ளகரமும் உள்ளன. இவ்வேறுபாடுகளை விதியாகச் சொல்லி விளக்குவதைவிட, திருத்தமாகப் பாடிக் காட்டும் ஆசிரியரிடமிருந்து குழந்தை விரைவில் பெறும். பாடலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்தெழுதச் செய்யும் வகுப்பில் இப்பயன் கிட்டுவதில்லை.

நாய்க்குட்டி, அணில், பொம்மை, மாம்பழம், புகைவண்டி, பண்டிகை, கடற்கரை எனக் குழந்தையின் கைக்கும் கண்ணுக்கும் எட்டியவையே இவரது பாடுபொருள்கள். கதைப் பாடல்களையும் இவர் ஏராளமாக எழுதினார். ஈசாப் கதைகளைப் பாடல்களாக்கி 'ஈசாப் கதைப் பாடல்கள்' என்னும் நூலாகவும், காந்தியடிகளின் வாழ்க்கையைப் 'பாட்டிலே காந்தி கதை' என்னும் நூலாகவும் தந்தார். இவரது எல்லாப் பாடல்களும் ஒரே தரத்தன என்று கூற இயலாது. தலைவர்களைப் புகழ்வனவும் நல்லொழுக்கத்தை நேரடியாக வலியுறுத்துவனவும் அக்காலப் பாடநூல்களின் தேவைக்கேற்ப எழுந்தவை. அவற்றில் விளையாட்டுத்தன்மை குறைவு. குழந்தைகளின் வாயில் இன்றும் நிலைத்திருப்பவை உபதேசம் ஏதுமில்லாத பாடல்களே என்பது கருதத்தக்கது.

இதழ்களும் குழந்தை எழுத்தாளர் சங்கமும்

1940-களின் பிற்பகுதியும் 1950-களும் தமிழில் சிறுவர் இதழ்கள் பெருகிய காலம். சென்னையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சிறிதும் பெரிதுமாகப் பல இதழ்கள் வெளிவந்தன. பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே நின்றுபோயின. வள்ளியப்பா பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை ஆகிய இதழ்களுக்குக் கௌரவ ஆசிரியராக இருந்தார். வங்கிப் பணி நேரம் போக எஞ்சிய பொழுதில் செய்யப்பட்ட பணி இது.

1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. சக்தி வை. கோவிந்தன் தலைவராகவும் வள்ளியப்பா செயலாளராகவும் பொறுப்பேற்றனர். குழந்தைகளுக்கு எழுதுவோர் அக்காலத்தில் எழுத்தாளர் வரிசையில் வைத்து எண்ணப்படவில்லை. எழுதத் தொடங்குவோர் கைபழகும் துறையாகவே அது பலராலும் கருதப்பட்டது. இம்மனநிலையை மாற்றுவதும், குழந்தை நூல்களின் தரத்தை உயர்த்துவதும் சங்கத்தின் நோக்கங்களாயின. மாநாடுகள், நூற்கண்காட்சிகள், எழுத்துப் போட்டிகள் ஆகியவற்றைச் சங்கம் நடத்தியது. இளம் எழுத்தாளர் பலர் இவற்றின் வழியே அறிமுகமாயினர். சங்கத்தின் பல்வேறு பொறுப்புகளில் வள்ளியப்பா நீண்ட காலம் பணியாற்றினார்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1980-களில், கல்கி நிறுவனத்தின் சிறுவர் இதழான கோகுலத்தின் கௌரவ ஆசிரியராக விளங்கினார். குழந்தைகள் தாமே எழுதி அனுப்பும் படைப்புகளுக்கு அவ்விதழில் ஊக்கம் கிடைத்தது.

உரைநடை நூல்கள்

நீலா மாலா, மணிக்கு மணி, பர்மா ரமணி, வேட்டை நாய், குதிரைச் சவாரி, நல்ல நண்பர்கள், எங்கள் பாட்டி முதலியன இவரது கதை நூல்கள். பெரியோர்களின் இளமைக்கால நிகழ்ச்சிகளைச் 'சின்னஞ்சிறு வயதில்' முதலிய நூல்களில் தந்துள்ளார். 'கதை சொன்னவர் கதை'யும் இவருடையதே. நேசனல் புக் டிரஸ்ட் நிறுவனத்துக்காக எழுதிய 'நம் நதிகள்' இந்திய மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டது. இவரது நூல்கள் சில மத்திய அரசு, தமிழக அரசு பரிசுகளைப் பெற்றன. பிள்ளைக் கவியரசு, மழலைக் கவிச்செம்மல் என்பன இவருக்கு வழங்கப்பட்ட பட்டங்கள். உரைநடையில் இவர் நிறையவே எழுதியிருப்பினும், பாடல்கள் பெற்ற பரவலை அவை பெறவில்லை.

மறைவு

பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடல் எழுதுவதோடு இவர் அமையவில்லை. குழந்தை இலக்கியம் பல்கலைக்கழகங்களில் பாடமாக வைக்கப்பட்டு ஆராயப்பட வேண்டும் என்பது இவரது நெடுநாளைய கோரிக்கை. சங்க இலக்கியத்துக்கும் புதினத்துக்கும் உள்ள இடம் இதற்கு இல்லாதவரை, நல்ல எழுத்தாளர்கள் இத்துறைக்கு வரமாட்டார்கள் என்று கருதினார். 1989 மார்ச்சு மாதத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற கூட்டமொன்றில் இக்கோரிக்கையை வலியுறுத்திப் பேசினார். பேச்சுக்குப் பின் மயங்கி விழுந்தார். மார்ச் 16, 1989 அன்று காலமானார். அப்போது அவருக்கு வயது 66.

பிற்காலம்

வள்ளியப்பாவின் நூல்கள் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டன. அவற்றுட் பல தற்போது இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. பாடநூல்களில் இவரது பாடல்கள் தொடர்ந்து இடம்பெற்று வந்துள்ளன.

பாடநூலுக்கு வெளியே இப்பாடல்களின் நிலை வேறு. மல்கோவா மாம்பழத்தைப் பற்றிய பாடல் உள்ளிட்ட பல, இசையமைக்கப்பட்டு ஒலிநாடாக்களிலும் குறுந்தகடுகளிலும் பின்னர் அசைவூட்டக் காணொளிகளிலும் பரவின. இவற்றுட் பலவற்றில் ஆசிரியர் பெயர் காணப்படுவதில்லை. யாரோ பாடிய பழம்பாடல் என்றே பெற்றோர் பலர் இவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனர். சொற்கள் ஊருக்கு ஊர் மாறியும், அடிகள் கூடியும் குறைந்தும் வழங்குகின்றன. தாலாட்டுக்கும் நிலாப்பாட்டுக்கும் நேர்ந்ததே, ஆசிரியரும் ஆண்டும் தெரிந்த இப்பாடல்களுக்கும் இரண்டு தலைமுறைக்குள் நேர்ந்துவருகிறது. கவிஞருக்கு இது இழப்பா பெருமையா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். சரியான பாடத்தை அறிய விரும்புவோர் மலரும் உள்ளம் தொகுதிகளையே பார்க்க வேண்டியுள்ளது.

சாகித்திய அகாதமி குழந்தை இலக்கியத்துக்கெனப் பால சாகித்திய புரசுகார் விருதை 2010-ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகிறது. வள்ளியப்பாவின் மகளும் குழந்தை எழுத்தாளருமான தேவி நாச்சியப்பன் தமிழுக்கான இவ்விருதை 2019-இல் பெற்றார்.